.22 தோட்டாவின் நம்பகமும் தரமும்: சேலம், ஏற்காடு பகுதியில் பழகுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் .22 ரைஃபிள் (0.22 அங்குலக் குழல் விட்டமுள்ள துப்பாக்கி) பயிற்சிக்குப் புதிதாக வருகிற மாணவர்களும், அவர்களை அழைத்துவருகிற பெற்றோரும், என்.சி.சி. முகாமில் முதன்முறையாகச் சுட்டுவிட்டு மேலும் பழக விரும்புகிறவர்களும் தோட்டாவைப் பற்றி என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கு நான் சுடுகளத்தில் சொல்லும் பதில்களைச் சற்று விரிவாக இங்கே எழுதியிருக்கிறேன். உரிமம் பெற்ற ரைஃபிளை, அங்கீகாரம் பெற்ற களத்தில், களப் பொறுப்பாளரின் கண்காணிப்பில் பயன்படுத்துகிறவர்களை மனத்தில் கொண்டே எழுதுகிறேன்.

தோட்டா நம்பகமானது என்பதும் தரமானது என்பதும் ஒன்றுதானே?

இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் பலர் தவறான பெட்டிக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு வருந்துகிறார்கள். விசையை அழுத்தியபோதெல்லாம் வெடித்து, காலி உறை சிக்கலின்றி வெளியே வந்தால் அது நம்பகமான தோட்டா. ஒரு தோட்டா எந்த வேகத்தில் எந்த இடத்தில் பட்டதோ, அதே வேகத்தில் அதே இடத்தில் அடுத்ததும் பட்டால் அது தரமான தோட்டா. ஆயிரம் தோட்டாக்களில் ஒன்றுகூட ஏமாற்றாமல் வெடித்தும், இலக்கில் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறுகிற மலிவான வகைகள் உண்டு. அவை தொடக்கப் பயிற்சிக்குப் போதும், போட்டிக்குப் போதா.

மற்றத் தோட்டாக்களைக் காட்டிலும் .22 தோட்டா அடிக்கடி வெடிக்காமல் போவதாகச் சொல்கிறார்களே, ஏன்?

அது உண்மைதான், காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. பெரிய ரைஃபிள் தோட்டாவில் அடிப்பாகத்தின் நடுவே தனியாக ஒரு சிறு கிண்ணம் பதிக்கப்பட்டிருக்கும். பற்றவைக்கும் மருந்து அதற்குள் இருக்கும். .22 தோட்டாவில் அப்படி ஒன்றும் கிடையாது. மெல்லிய பித்தளைத் தகட்டை மடித்து உண்டாக்கிய விளிம்பின் உட்புறத்திலேயே மருந்து இருக்கிறது. ஈரமான நிலையில் ஒரு துளி மருந்தை உறைக்குள் இட்டு, உறையை வேகமாகச் சுழற்றி, அந்த மருந்து விளிம்பின் மடிப்புக்குள் சுற்றிலும் பரவும்படி செய்கிறார்கள். சுழற்சியில் எங்காவது ஒரு துண்டு வெறுமையாக நின்றுவிட்டு, ரைஃபிளின் சுடு ஊசி சரியாக அந்த இடத்தில் விழுந்தால் தோட்டா வெடிக்காது. வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

விளிம்பு நசுங்கினால்தான் மருந்து பற்றும் என்பதால் பித்தளையைத் தடிமனாகவும் செய்ய முடியாது. அதனால் உள்ளே உண்டாகும் அழுத்தத்துக்கும் ஓர் உச்சவரம்பு வந்துவிடுகிறது. 1857-இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனத்தின் சிறு ரிவால்வருக்காக வந்த .22 ஷார்ட் முதல், 1887-இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் கொண்டுவந்த .22 லாங் ரைஃபிள் வரை இந்த அடிப்படை மாறவில்லை. இன்று களத்தில் நாம் சுடுவது அந்த லாங் ரைஃபிள் வகையைத்தான். ஏறக்குறைய 140 ஆண்டுகளாக ஒரே வடிவத்தில் செய்யப்பட்டுவருகிற பொருள் என்பதால், நல்ல தொழிற்சாலைகள் இந்தக் குறையை வெகுவாகக் குறைத்திருக்கின்றன. அடியோடு நீக்கியவர் எவருமில்லை.

விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை. முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஒன்றும் செய்யாதீர்கள். ரைஃபிளின் வாய் இலக்கை நோக்கியே இருக்கட்டும். தோட்டாவை உள்ளே அடைத்துப் பூட்டும் போல்ட்டைத் தொடாமல் குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். மருந்து மெதுவாகப் பற்றிச் சற்றுத் தாமதித்து வெடிப்பது அரிதாக நடக்கும்; அந்த நேரத்தில் போல்ட் திறந்திருந்தால் பித்தளைச் சில்லு முகத்தை நோக்கி வரும். அதன் பிறகு களப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு, ரைஃபிளின் வாயைத் திருப்பாமல் போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுக்கலாம். கண்ணாடி அணியாமல் யாரையும் சுடவிடக் கூடாது என்று நான் பிடிவாதமாக நிற்பதும் இதற்காகத்தான்.

வெடிக்காதது தோட்டாவின் குற்றமா, ரைஃபிளின் குற்றமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எடுத்த தோட்டாவின் விளிம்பில் ஊசி பதித்த தழும்பைப் பாருங்கள். தழும்பு ஆழமாகவும் தெளிவாகவும் இருந்தால் ரைஃபிள் தன் வேலையைச் செய்திருக்கிறது. சந்தேகம் தோட்டாவின் மேல்தான். தழும்பு மேலோட்டமாக இருந்தால் ரைஃபிளைத்தான் பார்க்க வேண்டும்: சுருள்வில் தளர்ந்திருக்கலாம், ஊசியின் முனை தேய்ந்திருக்கலாம், அல்லது ஊசி ஓடும் பாதையில் பழைய எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து பிசினாக இறுகியிருக்கலாம். குழலின் அறையில் மெழுகும் கரியும் படிந்து, தோட்டா முழுவதும் உள்ளே போய் உட்காராமல் நின்றால், ஊசியின் அடி தோட்டாவை முன்னே தள்ளுவதிலேயே பாதி வீணாகிவிடும். அப்போதும் தழும்பு ஆழமற்றே தெரியும்.

பொறுப்பாளர் அனுமதித்தால், அதே தோட்டாவை அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி அறையில் இட்டு ஒரு முறை முயலலாம். இம்முறை வெடித்தால், முதலில் ஊசி விழுந்த இடத்தில் மருந்து இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். இரண்டாவது முறையும் வெடிக்காவிட்டால் அதை ஒதுக்கிவிடுங்கள். மூன்றாவது முயற்சி வேண்டாம்.

இதில் எனக்கே ஒரு பாடம் கிடைத்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலைப் பயிற்சியில் ஒரு மாணவியின் ரைஃபிளில் 50 தோட்டாக்களில் 6 வெடிக்கவில்லை. பெட்டி மலிவானது என்பதால் நாங்கள் எல்லோரும் தோட்டாவையே குறை சொன்னோம். அவளுடைய தந்தை மறுவாரமே விலை கூடிய பெட்டி வாங்கிவந்தார். அதிலும் 4 வெடிக்கவில்லை. அதன் பிறகுதான் தழும்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தோம். எல்லாமே மேலோட்டமாக இருந்தன. போல்ட்டைப் பிரித்தபோது ஊசியைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் இறுகிய எண்ணெய்ப் படலம் இருந்தது. துடைத்து உலர வைத்த பிறகு, ஒதுக்கிவைத்திருந்த மலிவான பெட்டியின் மிச்சம் முழுவதும் வெடித்தது. முதல் நாளே தழும்பைப் பார்த்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு அத்தனை செலவு வந்திராது. அதை நான் செய்யாமல் விட்டது இன்றும் உறுத்துகிறது.

வழக்கமான ஓசை இல்லாமல் ‘புஸ்’ என்று மெல்லிய ஓசை மட்டும் வந்தால்?

உடனே நிறுத்துங்கள். குண்டைத் தள்ளும் வெடிமருந்து மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருந்தால், பற்றவைக்கும் மருந்தின் விசை மட்டும் குண்டைக் குழலின் பாதி வரை தள்ளிவிட்டு நின்றுவிடும். அடைப்பிருப்பது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் உப்பிப் போகும், சில வேளைகளில் பிளக்கும். போல்ட்டைத் திறந்து, அறை காலியா என்று உறுதி செய்து, துப்புரவுக் கோலைச் செலுத்திக் குழல் திறந்திருப்பதைப் பார்த்த பிறகே அடுத்த தோட்டா. வெடிக்காத தோட்டாவை விட எனக்கு அதிக அச்சம் தருவது இதுதான். ஏனெனில் போட்டியின் அவசரத்தில், பக்கத்து வரிசைகளின் ஓசையில், இந்த மெல்லிய ஓசை காதில் விழாமல் போகும்.

வேகத்தில் சிறு வேறுபாடு இருந்தால் இலக்கில் அவ்வளவு தெரியுமா?

தெரியும். கணக்குப் போட்டே பார்க்கலாம். போட்டித் தோட்டாவின் குண்டு 40 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 2.6 கிராம், குழலை விட்டு வெளிவரும்போது வேகம் விநாடிக்குச் சுமார் 327 மீட்டர். 50 மீட்டரைக் கடக்க அதற்குச் சுமார் 0.16 விநாடி ஆகிறது. அந்த நேரத்துக்குள் புவியீர்ப்பினால் குழலின் நேர்கோட்டிலிருந்து ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது. அடுத்த தோட்டா விநாடிக்கு 10 மீட்டர் மெதுவாக வந்தால், அது மேலும் 7 மில்லிமீட்டர் அளவுக்குத் தாழ்ந்து படும்.

பன்னாட்டுத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பின் 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 8 மில்லிமீட்டர். துளையின் விளிம்பு கோட்டைத் தொட்டாலே அந்த மதிப்பெண் உண்டு என்பதால், 5.6 மில்லிமீட்டர் குண்டின் மையம் 16 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் விழுந்தால் பத்து. ஆக, சுடுகிறவர் அணுவளவும் அசையாமல் இருந்தாலும், வேகத்தின் ஏற்ற இறக்கம் மட்டுமே பத்தை ஒன்பதாக்கிவிடக் கூடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் (மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடும்) போட்டியில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே, தகுதிச் சுற்றில் 60 தோட்டாக்களுக்கு 590 எடுத்து ஏழாவதாக இறுதிச் சுற்றுக்குள் வந்தார். 60 தோட்டாக்களிலும் சேர்த்து இழந்தது 10 புள்ளிதான். அந்த உயரத்தில் போட்டியிடுகிறவர்களுக்குத் தோட்டாவால் போகும் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு கனமானது என்பதை இதிலிருந்து உணரலாம்.

அப்படியானால் வேகம் கூடிய தோட்டாவை வாங்கலாமே?

வேகம் கூடுதலாக இருப்பதால் பயனில்லை. ஒரே சீராக இருப்பதே முக்கியம். விநாடிக்கு 370, 380 மீட்டர் வேகத்தில் புறப்படும் தோட்டாக்கள் ஒலியைவிட விரைவாகக் கிளம்பி, 50 மீட்டருக்குள்ளேயே ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கிவிடும். அந்த இறக்கத்தில் குண்டு சற்றுத் தடுமாறுகிறது, சிதறல் கூடுகிறது. போட்டித் தோட்டாக்களைச் செய்கிறவர்கள் அதனால்தான் தொடக்கத்திலிருந்தே ஒலிக்குக் கீழான வேகத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஒரே நிறுவனம், ஒரே வகை, ஒரே விலை. ஆனாலும் இந்தப் பெட்டி சரியில்லை, போன பெட்டி அருமையாக இருந்தது. இது என் கற்பனையா?

கற்பனை அல்ல. பெட்டியின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் லாட் எண்ணை, அதாவது ஒரே தடவையில் செய்த தோட்டாத் தொகுதியின் எண்ணை, பாருங்கள். இரண்டும் வேறாக இருக்கும். ஒரே தோப்பின் மல்கோவா ஆண்டுக்கு ஆண்டு சுவை மாறுவதை நம் ஊரில் யாரும் வியப்பதில்லை. ஈயம், மெழுகு, வெடிமருந்து, பித்தளைச் சுருள், எந்திரத்தின் தேய்மானம் ஆகிய அனைத்தும் ஒரு தயாரிப்புக்கும் அடுத்ததற்கும் சிறிதளவு மாறுகின்றன. உங்கள் ரைஃபிளின் குழலுக்கு ஒரு லாட் பொருந்தும், மற்றொன்று பொருந்தாது. பக்கத்து வரிசைக்காரருக்குப் பொருந்தியது உங்களுக்குப் பொருந்த வேண்டும் என்றும் இல்லை.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. காற்றில்லாத காலை நேரத்தில், ரைஃபிளை மணல் மூட்டையின் மேல் தாங்கி, ஒவ்வொரு லாட்டிலும் பத்துப் பத்தாக நான்கு முறை சுடுங்கள். ஐந்து தோட்டாக் குரூப்பை (இலக்கில் விழும் துளைகளின் தொகுப்பை) நம்பாதீர்கள். தற்செயலாகவே ஐந்தும் ஒரே துளைக்குள் போய்விடக் கூடும். மிகத் தொலைவில் உள்ள இரு துளைகளின் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு அளந்து, ஒரு துளையின் அகலத்தைக் கழித்து எழுதி வையுங்கள். நல்ல போட்டி ரைஃபிளில் நல்ல லாட் பத்தையும் 15 மில்லிமீட்டருக்குள் அடைக்கும். மேலே சொன்ன 16 மில்லிமீட்டர் வட்டத்தை நினைத்துப் பாருங்கள், அந்த ஒரு மில்லிமீட்டர் இடைவெளியின் அருமை புரியும். பொருந்தும் லாட் கிடைத்தால், உரிமம் அனுமதிக்கும் அளவுக்குள் அதே எண்ணில் மொத்தமாக வாங்கி, போட்டிக்கென்று எடுத்து வையுங்கள்.

எந்த நிறுவனத்தின் தோட்டா நல்லது?

போட்டிகளில் நீண்ட காலமாகப் பெயர் பெற்றவை மூன்று: 1828-இல் தொடங்கிய இங்கிலாந்தின் ஈலி, ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ்., ஃபின்லாந்தின் லாபுவா. லாபுவாவின் .22 தோட்டாக்கள் மட்டும் ஜெர்மனியின் ஷோனபெக் நகரில் செய்யப்படுகின்றன; அங்கிருந்தே எஸ்.கே. என்ற பெயரில் விலை குறைந்த வகைகளும் வருகின்றன. இந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றும் படிப்படியாகப் பல தரங்களில் விற்கின்றன என்பதால், நிறுவனத்தின் பெயரை மட்டும் கேட்டு வாங்குவதில் பொருளில்லை. எந்தத் தரம் என்பதையும் கேட்க வேண்டும்.

என் கருத்து இது: முதல் ஓராண்டு வரை உச்சத் தரம் வேண்டாம். தாங்கலின்றிக் கையில் பிடித்துச் சுட்டுப் பத்துத் தோட்டாக்களை 40 மில்லிமீட்டருக்குள் அடைக்க முடியாதவருக்கு, 15 மில்லிமீட்டருக்கும் 20 மில்லிமீட்டருக்கும் உள்ள வேறுபாடு இலக்கில் தெரியாது. அந்தப் பணத்தில் இரு மடங்கு தோட்டாக்களைச் சுட்டுப் பழகுவதே மேல். ஆனால் மிக மலிவானதற்கும் போகாதீர்கள். பிழை தன்னுடையதா தோட்டாவினுடையதா என்று பழகுகிறவருக்கே தெரியாமல் போனால், அவர் சரியான பழக்கத்தையும் மாற்றிக்கொள்வார். இதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

தோட்டாக்களை எடை போட்டுப் பிரித்தால் தரம் கூடுமா?

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் தம் வெள்ளித் தராசைக் களத்துக்கே கொண்டுவந்து, மகனுடைய தோட்டாக்களை மில்லிகிராம் வரை எடை போட்டுப் பிரித்துக் கொடுத்தார். அவருடைய பொறுமையை மதிக்கிறேன். ஆனாலும் பலன் சிறிதுதான். முழுத் தோட்டாவின் எடையில் பெரும்பகுதி ஈயமும் பித்தளையும்; வெடிமருந்து 0.1 கிராமைத் தாண்டுவது அரிது. எடை கூடுதலாக இருப்பது ஈயத்தாலா, பித்தளையாலா, மருந்தாலா என்று தராசு சொல்லாது. கூட்டத்திலிருந்து வெகுவாக விலகி நிற்கும் ஒன்றிரண்டை ஒதுக்க மட்டும் அது உதவும். விளிம்பின் தடிமனை அளந்து பிரிப்பதும் ஏறக்குறைய இதே கதைதான்.

சேலத்து வெயிலும் ஏற்காட்டுக் குளிரும் தோட்டாவைப் பாதிக்குமா?

பாதிக்கும். இதை இங்கே பழகுகிறவர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டுப் பெட்டிகளில் அச்சிட்டிருக்கும் குறிப்புகள் நம் சித்திரை வெயிலை மனத்தில் வைத்து எழுதியவை அல்ல. .22 குண்டின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு இருக்கிறது. பூட்டிய காருக்குள் நண்பகலில் பெட்டியை வைத்தால் மெழுகு இளகி ஒரு பக்கமாக வழிந்து, உறையின் வாய்ப் பக்கம் சேரும். பிறகு இறுகும்போது ஒவ்வொரு குண்டிலும் ஒவ்வொரு அளவாக நிற்கும். வெடிமருந்தும் சூடேறினால் வேகம் கூடும். வெயிலில் கிடந்த பெட்டியையும் நிழலில் இருந்த பெட்டியையும் மாற்றி மாற்றிச் சுட்டால் இலக்கில் இரண்டு குரூப்புகள் மேலும் கீழுமாகத் தெரியும். களத்தில் பெட்டியைத் துணிப்பைக்குள் நிழலில் வையுங்கள். சூடான குழலின் அறைக்குள் தோட்டாவை இட்டுவிட்டு நீண்ட நேரம் குறி பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

ஏற்காட்டில் சிக்கல் வேறு. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிதாக இருக்கும் என்பது உண்மையானாலும், சேலத்தோடு ஒப்பிட்டால் 50 மீட்டர் தொலைவில் அதன் விளைவு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது ஈரத்தைப் பற்றி. மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து போகும் மாதங்களில் திறந்த அலமாரியில் தோட்டாவை வைத்தால் ஈயத்தில் வெண்படலமும் பித்தளையில் கறையும் படியும். மார்கழிக் காலையில் மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்தவுடன் பெட்டியைத் திறந்தால், குளிர்ந்த உலோகத்தின் மேல் சமவெளியின் வெப்பக் காற்று நீராகப் படிகிறது. ஒரு மணி நேரம் மூடியபடியே வைத்து, பிறகு திறக்க வேண்டும். வீட்டில், காற்றுப் புகாத டப்பாவில், தொழிற்சாலைப் பெட்டியோடு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையும் இட்டு, உரிமம் கோருகிறபடி பூட்டி வையுங்கள்.

துருப் பிடிக்காமலிருக்கத் தோட்டாவுக்கு எண்ணெய் தடவலாமா?

கூடாது. குண்டு உறையின் வாயில் லேசாகவே இறுக்கப்பட்டிருக்கிறது. ஊடுருவும் தன்மையுள்ள எண்ணெய் அந்த இடுக்கு வழியாக உள்ளே சென்று மருந்தைச் செயலிழக்கச் செய்யும். தரையில் விழுந்த தோட்டாவையும் துடைத்துப் பயன்படுத்தாதீர்கள். மெழுகில் ஒட்டிய மண் குழலைக் கீறும்.

வேறு வகைத் தோட்டாவுக்கு மாறியவுடன் குரூப் கெட்டுவிட்டது. அந்த வகை மோசமா?

அதற்குள் முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு வகையின் மெழுகும் வேறு. முந்தைய மெழுகு நீங்கிப் புதியது குழல் முழுவதும் சீராகப் படிய 20 தோட்டாக்களாவது ஆகும். குழலைத் துப்புரவு செய்த பிறகும் இப்படித்தான். அந்த முதல் தோட்டாக்களைக் கணக்கில் சேர்க்காமல் அதன் பிறகு அளந்து பாருங்கள்.

காலி உறைகளில் மறுபடி மருந்து நிரப்பலாமா?

முடியாது, முயலவும் கூடாது. விளிம்பு ஒருமுறை நசுங்கிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

பிள்ளைகள் ஈயத்தைக் கையாள்கிறார்களே, உடல்நலத்துக்குத் தீங்கில்லையா?

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி இது, கேட்பவர்கள் குறைவு. குண்டு ஈயம், பற்றவைக்கும் மருந்திலும் பெரும்பாலும் ஈயச் சேர்மம் இருக்கிறது, சுடும்போது எழும் புகையிலும் அது கலந்திருக்கிறது. சுட்ட கையோடு பையிலிருந்து முறுக்கை எடுத்துத் தின்பதை நான் அனுமதிப்பதில்லை. சோப்பிட்டுக் கைகளையும் முகத்தையும் கழுவிய பிறகே தண்ணீர்ப் பாட்டிலைத் தொட வேண்டும். களத்துச் சட்டையை வீட்டில் தனியாகத் துவையுங்கள். மூடிய அரங்கமாக இருந்தால் காற்றோட்டம் எப்படி என்று பொறுப்பாளரிடம் தயங்காமல் கேளுங்கள்.

அண்ணன் பழகியபோது வாங்கிய பெட்டி பல ஆண்டுகளாக இருக்கிறது. பயன்படுத்தலாமா?

முதலில் அது உங்கள் உரிமத்தின் கீழ் உங்களிடம் இருக்கலாமா என்று பாருங்கள். உரிமம் ஒருவருடையது, தோட்டா மற்றொருவர் கையில் என்பது அண்ணன் தம்பிக்குள்ளும் செல்லாது. சட்டப்படி சரியென்றால், உலர்ந்த இடத்தில் இருந்த தோட்டா பல ஆண்டுகள் கழித்தும் நன்றாகவே வெடிக்கும். பச்சை நிறப் படிவு, நெளிந்த விளிம்பு, கையால் திருகினால் சுழலும் குண்டு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அதை ஒதுக்கிவிடுங்கள். மீதியைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒதுக்கிய தோட்டாக்களையும் வெடிக்காதவற்றையும் என்ன செய்வது?

குப்பைத் தொட்டியிலோ, சாக்கடையிலோ, மலைச்சரிவிலோ எறியக் கூடாது. எறிந்த தோட்டா ஆடு மேய்க்கும் சிறுவன் கையில் கிடைக்கலாம். அவன் அதைக் கல்லால் தட்டிப் பார்ப்பான். எங்கள் களத்தில் இதற்கென்று மூடியுள்ள ஒரு தகர டப்பா இருக்கிறது. ஒவ்வொன்றையும் எண்ணிப் பதிவேட்டில் எழுதி அதில் இடுகிறோம். தனியாக வைத்திருப்பவர்கள் களப் பொறுப்பாளரிடமோ, உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ, காவல் நிலையத்திலோ கேட்டு, எண்ணிக்கையைக் குறித்து ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும்போது லாட் எண்ணையும் உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதே எண்ணில் வேறு யாராவது பெட்டி வாங்கியிருந்தால் அவருக்கும் தெரியவேண்டும்.